கூட்டல் குறி

"அந்தப் பேரை அடியோட எடுத்துடுங்க சார். இனிமே எங்க வீட்டுக்குக் கார்டு வரக் கூடாது."

அபிதகுஜாம்பாள் தபால் அட்டையை மேஜைமேல் வைத்தாள். 'தங்கள் மகளின் பதிவைப் புதுப்பிக்கவும்' என்று அவளுடைய அப்பா லோகநாதன் பெயருக்கு வந்திருந்தது. அப்பா போய் நான்கு மாதம் ஆகிறது. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த மாடியில் இருந்தது அந்தத் திருமணத் தகவல் மையம். நடத்துபவர் பக்தவச்சலம். அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"மன்னிச்சுக்கோம்மா. அப்பா காலமானது தெரியாது. கம்ப்யூட்டர் வாங்கினதிலேருந்து பழைய ஆளுங்க எல்லாருக்கும் கார்டை அதுவே அடிச்சுத் தள்ளுது. சரிதா, இவங்க பதிவை எடுத்துடு."

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சரிதா, பெயரைத் தேடிப் பிடித்து அழிக்கப் பார்த்தாள். திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது.

"அழிக்க விடமாட்டேங்குது சார். இவங்க பேரோட சேர்ந்த வரன் விவரமெல்லாம் இன்னொரு டேபிள்ல, தனிப் பட்டியலா இருக்கு. முதல்ல அதை அழிக்கணும்."

"அதை எங்கே பார்க்கறது?" என்று கேட்டாள் அபிதகுஜாம்பாள்.

"உங்க பேருக்கு முன்னாடி சின்னதா ஒரு கூட்டல் குறி இருக்கு பாருங்க மேடம். அதை அமுக்கினா, வந்த வரன் எல்லாம் பேருக்குக் கீழேயே வரிசையா விரியும். சார் நோட்டுல எழுதி வச்சிருந்ததை ஒண்ணு விடாம ஏத்தியிருக்கேன்."

பக்தவச்சலம் சட்டென்று எழுந்தார். "இப்ப வேணாம். நீ கிளம்பும்மா. நாங்க அப்புறமா அழிச்சுக்கறோம்."

"எங்கப்பா பண்ணினதுக்கு நீங்க ஏன் சார் சங்கடப்படறீங்க? மொத்தம் பதினேழு பேர். ஒருத்தருக்கு வேலை நிரந்தரமில்ல, ஒருத்தரோட அம்மாவுக்கு வாய் ஜாஸ்தி. ஒவ்வொரு தடவையும், 'நான் வேணாம்னு சொல்லிட்டேம்மா'ன்னு வந்து நிப்பார். ஸ்கூல்ல யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். வந்த வரனையெல்லாம் எங்கப்பா தட்டிக் கழிச்சுட்டார்னு."

பக்தவச்சலம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசியாக வந்தவன் தயாளன். ஊரப்பாக்கத்திலிருந்து வந்து, அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, பள்ளியைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பிடித்திருந்தது. மறுவாரமே அப்பா, "பையன் குடிப்பானாம். வேணாம்னுட்டேன்" என்றார். அன்றைக்கு நிறுத்தியதுதான் அப்பாவிடம் பேச்சை. ஆறு வருஷம். சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாளன்று அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் மேல இன்னும் கோபமா அபிதா?" என்று கேட்டபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ அமுக்கும்மா," என்றாள் சரிதாவிடம். "எத்தனை பேரை வேணாம்னாருன்னு ஒரு தடவை கண்ணால பார்த்துடறேன்."

சரிதா அமுக்கினாள். பதினேழு வரிகள் விரிந்தன.

'மறுத்தவர்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பதில்தான் இருந்தது: 'மாப்பிள்ளை வீட்டார்'. தயாளன் பெயருக்கு நேரே மட்டும் குறிப்பு கொஞ்சம் நீளம்: 'பெண்ணைப் பிடிக்கவில்லையாம். வழக்கம்போல, தானே மறுத்துவிட்டதாகப் பெண்ணிடம் சொல்லிக்கொள்வதாகத் தகப்பனார் கூறினார்.'