மேலிருந்து கீழ், ஏழு

புதிர்க்காரருக்குப் பொய்க்காரர் என்ற பட்டம் ஈமெயிலில் வந்தது.

‘உங்கள் குறுக்கெழுத்துப் புதிருக்கு வாராவாரம் முதல் ஆளாக விடை அனுப்பும் “குருவி”யும் நீங்களும் ஒரே இணைய முகவரியிலிருந்து வருகிறீர்கள். தன் புதிருக்குத் தானே கைதட்டுவது அழகல்ல. சரியான விளக்கம் வராவிட்டால் இந்த ஞாயிறோடு உங்கள் புதிர் நிற்கும். – ஆசிரியர்.’

ஆறு வருஷமாகப் புதிர் போடுகிறவர். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஞாயிறு காலையிலேயே நெட்காரரை வரவழைத்துவிட்டார்.

“பக்கத்து வீட்டு வாத்தியார் என் வைஃபையைத் திருடறார். அவர்தான் குருவி. பிடிச்சுக் கொடுங்க.”

“பொறுங்க சார். வீட்டுக்குள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் தனி நம்பர். வெளியில போறப்போ ரவுட்டர் அதையெல்லாம் மறைச்சு, ஒரே நம்பரைப் போட்டு அனுப்பும். உள்ளே எத்தனை பேர்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது.”

“அப்ப பதில் எப்படி சரியா அவங்கவங்களுக்கு வருது?”

“எது யார் கேட்டதுன்னு ரவுட்டர் குறிப்பு வச்சுக்கும்.”

“போன வாரக் குறிப்பை எடுங்க.”

“போன வாரமா? கொஞ்ச நேரத்திலேயே அழிச்சுடும் சார். கையும் களவுமாத்தான் பிடிக்கணும்.”

பத்து மணிக்கு இணைய இதழில் புதிர் வெளியானது. இருவரும் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல். “ஏங்க, வெங்காயம் உரிக்க வர்றீங்களா?”

“மானம் போய்க்கிட்டிருக்கு. வெங்காயமாம்.”

பத்தே கால். குருவி வந்துவிட்டது. வழக்கம்போல ஒன்றைத் தவிர எல்லாம் சரி. வழக்கம்போல அதே வரி: ‘மேலிருந்து கீழ் ஏழு மட்டும் வரவில்லை. உங்களிடம் தோற்றேன்.’

அந்த வரிதான் அவருக்கு வாரம் முழுவதற்கும் டானிக். சாப்பிடும்போது மனைவிக்கு வாசித்துக் காட்டுவார். “எவ்வளவு பெரிய மூளைக்காரன், அவனே தோத்துட்டான். உனக்கெங்கே இதெல்லாம் புரியப்போகுது?” அவள், “ரசம் ஆறுது” என்பாள்.

“மாட்டிக்கிச்சு சார்” என்றார் நெட்காரர். “அந்த சைட்டுக்கு இப்ப ரெண்டு மெஷின் போயிருக்கு. ஒண்ணு உங்க லேப்டாப்.”

“இன்னொண்ணு வாத்தியாரா?”

“பேரு ‘கிச்சன் டேப்லெட்’னு இருக்கு.”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“ரவுட்டர் குறிப்புல இருக்கற இந்த ரெண்டு வரியையும் படம் பிடிச்சு உங்க ஆசிரியருக்கு அனுப்பிடறேன். வீட்டுல ரெண்டு பேர்னு புரிஞ்சுப்பார். உங்க புதிர் தப்பிச்சுது.”

புதிர்க்காரர் சமையலறைக்குப் போனார்.

வெங்காயத் தோலுக்கு அடியில் டேப்லெட். பக்கத்தில் ஒரு காகிதம். பென்சிலால் போட்ட கட்டங்கள். மேலிருந்து கீழ் ஏழு உட்பட ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. எல்லாம் சரி.

“ஏழு தெரிஞ்சிருக்கே” என்றார், குரல் இறங்கி. “ஏன் அனுப்பலை?”

அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“அனுப்பியிருந்தா, அடுத்த ஞாயிறு வரைக்கும் உங்க மூஞ்சியை யார் பார்க்கிறது?”