தாழிக்குள் நின்ற பாட்டு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. வேலை செய்கிறவன் பாட்டை நிறுத்தினால் ஊரே பதறுகிற ஒரு வேலை உண்டு. அதைப் பற்றிய கதை இது.

வக்தாங் ஒயின் தாழியைத் தேய்த்துக் கழுவ உள்ளே இறங்கிப் பாடிக்கொண்டிருந்தான். மேலே அவன் மனைவி நனுலி, ஒரு காலில் நிற்பதும் மறு காலுக்கு மாறுவதுமாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

ககேத்தி என்கிற அந்தத் திராட்சைச் சீமையில் ஒயின் மண்ணுக்குள் விளைகிறது. ஆளுயரத் தாழிகளைக் கழுத்துவரை புதைத்திருப்பார்கள். தரையில் வட்ட வாய்கள் மட்டும் தெரியும்.

அறுப்புக் காலத்தில் பக்கத்துத் தாழிகளில் புதுச்சாறு பொங்கும். அதிலிருந்து கிளம்பும் கெட்ட காற்று தரையோடு ஊர்ந்துவந்து, திறந்த தாழிக்குள் இறங்கிவிடும். நிறமில்லை, மணமில்லை. ஆளைச் சத்தமில்லாமல் படுக்க வைத்துவிடும்.

மெழுகுவத்தியை இறக்கி, அணையவில்லை என்று பார்த்த பிறகுதான் ஆள் இறங்குவான். அப்புறம் பாட்டுதான் அவனுக்குக் காவல். வாயை மூடவே கூடாது.

இவர்களுக்குள்ளோ ஒரு வாரமாகப் பேச்சில்லை.

மகள் மக்வாலா போன வருஷம், பீர் ஆலையில் வேலை பார்க்கிற ஒருவனோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். போனதுகூடப் போகட்டும். பீரா? அந்த ஊரில் எதிரியை வாழ்த்தத்தான் பீர்க் குவளையைத் தூக்குவார்கள்.

"அவ பேச்ச இந்த வீட்டுக்குள்ள எடுக்கக்கூடாது" என்றான் வக்தாங்.

நனுலி வீட்டுக்குள் எடுக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய்ப் போனில் எடுத்தாள். போன வாரம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

அவள் முதலில் பேசட்டும் என்று அவன். அந்த மனுஷன் பேசட்டும் என்று அவள்.

ஆனால் தாழிக்குள் இறங்கியவன் வாய் திறந்துதானே ஆகவேண்டும். திறந்தான்.

"பீர்க்காரன் வீட்டுக்குப் போனு போகுது,
என் வீட்டு ரொட்டியோ அடுப்புல தீயுது."

ஒயின் குடிக்க வந்திருந்த வெளிநாட்டார் ஐந்தாறு பேர் சொக்கிப்போனார்கள். எவ்வளவு பழைய பாட்டு இது என்று கேட்டார்கள். அவர்களைத் தலைநகர் திபிலிசியிலிருந்து கூட்டிவந்த வழிகாட்டிப் பெண் ருசுதான் சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டாள்.

"ரொம்பப் பழசு. நாட்டுல மொத கல்யாணம் நடந்த நாள்லேர்ந்து இருக்கு."

பிறகு ஒவ்வொரு வாயாகக் காட்டிக்கொண்டே போனாள். இது தோலோடு ஊறுகிற வெள்ளைத் திராட்சை, தேன் நிறத்தில் வரும். இது கறுப்புத் திராட்சை, பல்லையே கறையாக்கும்.

"பாடுறவர் உள்ள நிக்கிறாரே, அந்தச் சின்னது, வீட்டுல கொழந்த பொறந்தா நெரப்புறது. அந்தக் கொழந்தையோட கல்யாணத்துலதான் தொறப்பாங்க."

நனுலிக்கு நெஞ்சு எரிந்தது. அது மக்வாலாவின் தாழி. அவள் போன அன்றே மூடியைப் பெயர்த்து, இழவு வீட்டில் ஊற்றுவதுபோல ஊருக்கே மொண்டு ஊற்றினான் பாவி. இன்றைக்கு அதையும் தேய்க்கிறான். வியாபாரத்துக்கு விடத்தான், வேறெதற்கு?

"கழுதையக் கூப்பிட்டா காதையாவது ஆட்டும்,
கட்டுனவளக் கூப்பிட்டா கதவத்தான் சாத்தும்."

அவள் பல்லைக் கடித்தாள். பதிலுக்கு நாலு அடி நாக்கு நுனியில் நின்றது. விழுங்கினாள்.

"தேச்சு வச்சேன் தாழி ஒண்ணு பளபளன்னு,
இதுக்குச் சொந்தக்காரர் யாரு யாருன்னா..."

பாட்டு நின்றது.

மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தாள். பக்கத்துத் தாழிகளில் சாறு மொறுமொறுவென்று பொங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தேய்க்கிற சத்தமும் இல்லை.

வேண்டுமென்றே செய்கிறான். என்னைப் பேசவைக்கப் பார்க்கிறான்.

ஒரு கட்டையை எடுத்துத் தாழியின் வாயைத் தட்டினாள். பதிலில்லை.

"அக்கா..." என்றாள் ருசுதான். அவள் முகம் வெளுத்திருந்தது.

போன அறுப்பில் பக்கத்து ஊரில் ஒருவனை இப்படித்தான் தூக்கினார்கள். அவன் பெண்டாட்டியும் விளையாட்டு என்றுதான் நினைத்தாளாம்.

நனுலி குப்புற விழுந்து தலையைத் தாழிக்குள் விட்டாள்.

"யோவ் வக்தாங், வாயத் தொறயா. நான்தான் பேசுறேன். நான்தான்யா மொதல்ல பேசுறேன், கேக்குதா? எதையாவது பாடித் தொலையா."

அவள் குரலே உள்ளே சுற்றித் திரும்பி வந்தது. ஏணியில் இறங்கக் காலை எடுத்து வைத்தேவிட்டாள்.

அப்போது கீழே தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"கத்தாத. மூச்சுக்கு ஒண்ணுமில்ல. அடுத்த அடிதான் வரல."

"அடி வரலையா? இங்க எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு."

அவன் எதையோ தேய்ப்பதுபோலக் காட்டிக்கொண்டு, தாழிச்சுவரைப் பார்த்துப் பேசினான்.

"அன்னிக்குக் கொல்லையில எல்லாந்தான் கேட்டேன். அவளுக்குப் பையன் பொறந்துருக்குன்னு கேட்டேன். பேரச் சொல்றப்பப் பாத்து அந்தப் பாழாப்போன சேவல் கூவிடுச்சு. பேரு தெரியாம எப்பிடிடி பாட்ட முடிக்கிறது?"

நனுலி ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலையில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு குனிந்து, வெளிநாட்டார் காதில் விழாதபடி, பேரனின் பேரைத் தாழிக்குள் சொன்னாள்.

கூப்பிட்ட குரலுக்குப் பதில் வருகிற வீடாக இருக்கட்டும் கண்ணுகளா, உங்கள் வீடு.