பாப்பா என்று அழைத்த குரல்

செவ்வாய்க்குப் போகும் கப்பலில் ஞாயிறுதோறும் வீட்டுக் குரல்கள் வந்து சேரும். யாழினிக்கு மட்டும், கிளம்பியதிலிருந்து அவள் அப்பா பேசவில்லை. பழைய வீடியோவிலிருந்து அவர் குரலைக் கணினியில் உருவாக்கி, விளையாட்டாக அனுப்பினான் உடன்வந்த பிரிட்டோ.

“பாப்பா, வரும்போது ரெண்டு பால் பாக்கெட் வாங்கிட்டு வா.”

சிரிப்பாள் என்று காத்திருந்தான். அவளோ அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, “அப்பா பேசிட்டார்” என்று எல்லோரிடமும் சொன்னாள். பிரிட்டோவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனான். வாயைத் திறக்குமுன் அவளே பேசினாள்.

“தெரியும் பிரிட்டோ. எங்கப்பா என்னைப் பாப்பான்னு ஒருநாளும் கூப்பிட்டதில்ல.”

அவன் தலை கவிழ்ந்தான்.

“அடுத்த ஞாயித்துக்கிழமையும் அப்படியே கூப்பிடச் சொல்லு.”