குரங்குக்குப் போன தேங்காய்ச்சோறு

“ஒரு ஜிப்பை இழுத்து மூடத் தெரியாதா தம்பி உங்களுக்கு?”

சுபலட்சுமி போட்ட சத்தத்தில், மாமரத்தில் இருந்த குரங்குகளே ஒரு கிளை மேலே ஏறிக்கொண்டன.

பாண்டிராஜ் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். அவனுடைய கூடாரம் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வாசலில் எவர்சில்வர் தூக்கு உருண்டு கிடந்தது. அதிலிருந்த தேங்காய்ச்சோறு மண்ணில் சிதறிக் கிடந்தது.

“மூடிட்டுத்தான்க்கா குளிக்கப் போனேன். சத்தியமா.”

“அப்ப குரங்கு வந்து ஜிப்பை இழுத்துச்சாக்கும்?”

அவள் புருஷன் அழகுபாண்டி வயிறு குலுங்கச் சிரித்தார். “விடு சுபா. மிஷினையே ஆஃப் பண்ணாம வீட்டுக்குக் கிளம்புற ஆளு. ஜிப்பு எம்மாத்திரம்!”

பாண்டிராஜும் அசடு வழியச் சிரித்துவைத்தான். அவன் மனைவி இசைவாணிக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கப்பலூர் கம்பெனியில் அழகுபாண்டி சூப்பர்வைசர். பாண்டிராஜ் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன். கொடைக்கானலுக்குப் போனால் ரூம் வாடகையே கட்டுப்படியாகாது என்று, வாடிப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் தெரிந்தவர் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்க ரெண்டு குடும்பமும் வந்திருந்தன. மதியச் சாப்பாடு இசைவாணி பொறுப்பு. ராத்திரிச் சாப்பாடு சுபலட்சுமி பொறுப்பு.

“புளிச்சோறு கிண்டிரு. செலவும் இல்ல, கெட்டும் போகாது” என்றுதான் பாண்டிராஜ் சொன்னான்.

“அவுக முன்னாடி புளிச்சோறா? நல்லாருக்கே!”

இசைவாணிக்குக் காரணம் இருந்தது. நாகமலை புதுக்கோட்டையில் இவர்கள் வீட்டில் பால் காய்ச்சியபோது சுபலட்சுமி வந்தாள். பந்தியில் மட்டும் உட்காரவில்லை. “வயிறு சரியில்ல இசை” என்று ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இசைவாணிக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தங்கள் வீட்டுச் சோறு என்றதும் எத்தனையோ பேருக்கு வந்து பார்த்த வயிற்றுவலிதான் அது.

அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். இந்த அக்காவை ஒரு தடவையாவது என் கைச்சோறு சாப்பிடவைக்கணும்.

அதனால்தான் தேங்காய்ச்சோறு. முந்திரி விற்கிற விலைக்கு நிலக்கடலையை வறுத்துப் போட்டாள். ஆறிப்போனால் ருசிக்காதே என்று சூட்டோடு சூடாகத் தூக்கில் அமுக்கி, மூடியை இறுக்கி, துண்டைச் சுற்றி, வழி நெடுக மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வந்ததும் கூடாரத்தைப் போட்டுவிட்டு எல்லோரும் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனார்கள். “சேலையை மாத்திட்டுப் பின்னாலயே வாரேன்” என்ற சுபலட்சுமி மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தாள். ஆட்டம் போட்டுக் குளித்துவிட்டுத் திரும்பினால், இந்தக் கூத்து.

“அம்மா, அந்தக் குரங்கு கடலையை மட்டும் பொறுக்கித் திங்குதும்மா” என்றாள் இசைவாணியின் மகள் பவதாரிணி.

“சும்மா இருடி!”

“சரி, ஆனது ஆச்சு. ராத்திரிக்கு வச்சிருக்க ரவையை இப்பக் கிண்டிருவோம்” என்று சுபலட்சுமி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள்.

இசைவாணி வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். அழுவதற்குத் தோதான வேலை.

“எம்புட்டு ஆசையாச் செஞ்சேன் தெரியுமாக்கா? ஒத்த வேலையை உருப்படியாச் செய்யிறாரா இந்த மனுசன்?”

சுள்ளிக்கட்டோடு வந்த பாண்டிராஜ் காதில் அது விழுந்துவிட்டது. “நான் மூடினேன்டி!”

“வாயை மூடுங்க. அதையாவது மூடத் தெரியுதான்னு பாப்போம்.”

அவன் சுள்ளியைப் போட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அவன் அந்தப் பக்கம் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்த சுபலட்சுமி, கரண்டியைக் கீழே வைத்தாள்.

“போதும் இசை, அந்தப் பிள்ளையைப் போட்டு வறுத்தது. ஜிப்பைத் திறந்துவிட்டது நான்தான்.”

இசைவாணியின் கை நின்றது. பயந்தது சரியாகப் போய்விட்டது.

“எங்க வீட்டுச் சோறு வேணாம்னா நேராவே சொல்லியிருக்கலாமேக்கா. குரங்குக்குப் போடணுமா?”

“அடிப் போடி! சூட்டோட மூடி வச்சா என்னாகும்? உள்ளுக்குள்ளயே வேர்த்து, அடிச்சோறு பூராம் நூல் விட்டுப்போச்சு. எல்லாரும் தட்டோட உக்காந்தப்புறம் நீ மூடியைத் திறந்திருந்தா, எங்க வீட்டு ஆளு வாய் சும்மா இருக்குமா? கம்பெனி பூராம் சொல்லிச் சிரிப்பாரு. உன் மானம் போறதுக்கு ஒரு தூக்குச் சோறு போகட்டும்னுதான் குரங்கு மேல பழியைப் போட்டேன்.”

இசைவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அடிச்சோறு கெட்டது உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?”

சுபலட்சுமி அவசரமாகக் கரண்டியை எடுத்து, கொதிக்காத தண்ணீரைக் கிண்ட ஆரம்பித்தாள்.

“தேங்காச்சோறுன்னா எனக்கு உசிருடி. ஒரு வாய் பாப்போம்னுதான் திறந்தேன். மேலாப்புல இருந்தது அம்புட்டு ருசி...”

சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“குரங்குக வரும்போது தூக்குல பாதிதான் இருந்துச்சு.”