இடுப்புக் கட்டு

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மத்தியானத்திலும் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜன்னல் வெயில் சிவனாண்டியின் முதுகில் விழுகிறது. உடம்பெல்லாம் மஞ்சள் பூத்து, வயிறு மட்டும் பானையாக உப்பியிருக்கிறது. ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் இடுப்புக் கட்டை மனைவி வெங்கடேஸ்வரி மெல்லப் பிரிக்கிறாள். அந்த இடுப்பெலும்புக்குள்ளிருந்துதான் முந்தாநாள் மதுரையில் மஜ்ஜையை உறிஞ்சி, அதிலிருந்து செல்களைப் பிரித்து, அவர் கை நரம்பு வழியாக அவருக்கே திரும்ப ஏற்றினார்கள். கெட்டுப்போன கல்லீரல் அதனால் கொஞ்சம் துளிர்க்கலாம், செய்து பார்ப்போம் என்றார் டாக்டர். பட்டாளத்திலிருக்கும் மகன் தன் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்றதற்கு, "எம் பிள்ள வயித்துல கத்தி படக்கூடாது" என்று இவர் ஒரே பிடியாக நின்றுவிட்டார். வெங்கடேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. புதுக் கட்டுத்துணியை எடுத்தவள், பேண்டேஜ் கம்பெனியில் தினமும் செய்கிற பழக்கத்தில், அதை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடிக்கிறாள். நல்லதா கழிவா என்று தொட்டதுமே சொல்லிவிடுகிற கை அது.

"ஏட்டி, சரியாயிருமா?" சுவரைப் பார்த்தபடியே கேட்கிறார்.

துணியின் நடுவே ஓர் இழை அறுந்திருக்கிறது. கம்பெனியில் என்றால் யோசிக்காமல் கழிவில் எறிந்திருப்பாள். அறுந்த இடம் உள்ளே போகும்படி மடித்து, அவர் இடுப்பில் வைத்து அழுத்துகிறாள்.

"நம்ம ஊருத் துணிதான்" என்கிறாள். "நல்ல துணி."