கை வைத்தவருக்கு வேலை

"எஞ்சினிலை கை வைச்சது ஆரெண்டு பயப்பிடாமல் சொல்லுங்கோ. நான் கோவிக்க வரேல்லை. அப்பிடிப்பட்ட ஆளைத்தான் எங்கடை கொம்பனி தேடுது" என்று சிரித்தார் கொழும்பிலிருந்து வந்த கதிர்காமநாதன்.

யாக்கோப்பு கதிரையின் நுனியில் இருந்தான். அவனுடைய வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. ஐந்து கிழமைக்கு முன், கொக்கிளாய்க் கரையில் வள்ளத்து எஞ்சினைக் கிளப்பக் கயிற்றை இழுத்தபோது, மேலே இருந்த இரும்புச் சக்கரம் வெடித்துச் சிதறியது. துண்டுகள் கடலுக்குள் போய்விட்டன. கையும் போனது. பங்குச் சுவாமி நடந்ததையெல்லாம் எஞ்சின் செய்த கொம்பனிக்கு எழுதிப் போட்டார். பதில் கடிதம் வரவில்லை. காரில் ஆளே வந்து இறங்கிவிட்டார்.

"நான் ஒண்டும் செய்யேல்லை ஐயா. சுவாமி மந்திரிச்சுத் தந்த எஞ்சின். தீர்த்தம் தெளிச்ச சாமானிலை ஸ்பானர் வைக்க எனக்கு மனம் வரேல்லை."

அது சத்தியமான வார்த்தை. கொக்கிளாயில் எஞ்சினைக் கழற்றிப் பார்க்காத ஆள் அவன் ஒருவன்தான். "எஞ்சினுக்கு மெழுகுதிரி கொளுத்துறவன்" என்று கரையில் எல்லாரும் அவனைப் பகிடி பண்ணுவார்கள்.

கதிர்காமநாதனின் முகம் வாடியது.

"அப்பிடியே... நான் வேறை மாதிரி நினைச்சு வந்தனான். எங்கடை எஞ்சினியர்மாருக்குக் கடல் தெரியாது. வாங்கின ஆக்கள் என்னென்ன மாத்தினம் எண்டு பாத்துத்தான் அடுத்த எஞ்சினைச் செய்யிறம். கை இல்லாட்டிலும் பறவாயில்லை, பட்டறையிலை இருந்து வாயாலை சொல்லிக் குடுத்தால் போதும், மாதச் சம்பளம். ஆனால் ஒண்டுமே செய்யாத ஆளை என்னெண்டு எடுக்கிறது? சரி, நான் வாறன்."

அவர் எழும்பினார். குசினி வாசலில் நின்ற அவன் மனைவி திரேசம்மா ஓரடி முன்னால் வந்தாள். ஒற்றைக் கையனை எந்தச் சம்மாட்டி வலைக்குக் கூப்பிடப்போகிறான்? ஐந்து கிழமையாக அக்கம்பக்கத்தார் கொடுத்த கஞ்சியில்தான் மூன்று பிள்ளைகளும் கிடந்தார்கள். வீடு தேடி வந்த வேலை படலையைத் தாண்டப் பார்க்கிறது.

"ஐயா, இருங்கோ! இவர் பயத்திலை சொல்லுறார். எல்லாம் இவர்தான் செய்தவர்."

"திரேசு!" என்றான் யாக்கோப்பு.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்று அவனை அடக்கிவிட்டு, பக்கத்து வீட்டு மத்தேயு தன் எஞ்சினுக்குச் செய்த வேலையையெல்லாம் புருசன் தலையில் ஏற்றினாள். "எண்ணெய் போற துவாரத்தைப் பெருப்பிச்சவர். மண்ணெண்ணெயிலை ஓடப் பண்ணினவர்."

"கெட்டிக்காரன்!" கதிர்காமநாதன் திரும்பவும் இருந்து, தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். "மேலை இருக்கிற சக்கரம்? அதை அராவிப் பாரத்தைக் குறைச்சால் வள்ளம் பறக்கும். கொழும்பிலையே ஒண்டு ரெண்டு பேருக்குத்தான் அது தெரியும். அதையும் செய்திருந்தால் வேலை நிச்சயம்."

மத்தேயு அப்படி எதுவும் செய்ததாக அவள் கேள்விப்படவில்லை. ஆனாலும் இந்தப் பொய் முதல் பொய்யை விடச் சுகமாக வந்தது.

"அதைத்தானே ஐயா முதல் செய்தவர்! ரெண்டு நாள் குந்தியிருந்து அராவினவர். அரம்கூட மத்தேயுவிட்டை இரவல் வாங்கினது."

"எந்தப் பக்கம் அராவினவர்?"

திரேசம்மா புருசனைத் திரும்பிப் பார்த்தாள். கதிர்காமநாதன் அவளையே கனிவாகப் பார்த்தார்.

"உள்பக்கமாய்த்தான் இருக்கும், என்ன?"

"ஓம் ஐயா, உள்பக்கம்!"

யாக்கோப்பு எழும்பி அவளைக் குசினிக்குள் கூப்பிட்டான்.

"உனக்கென்ன விசரே? அங்கை போனால் ஒரு கேள்வியிலை பிடிச்சுப்போடுவினம்."

"ஆயிரம் பொய் சொல்லிக் கலியாணமே செய்யினம். நான் பிள்ளையளின்ர வயித்துக்கு நாலு பொய் சொல்லக் கூடாதோ? போய்ப் பழகுங்கோ. மத்தேயுவிட்டைக் கேட்டுப் படியுங்கோ." அவள் கை கூப்பினாள். "உங்களைக் கும்பிட்டன், இதைக் கெடுக்காதேங்கோ."

அடுப்படியில் கடைசிப் பிள்ளை வெறும் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. யாக்கோப்பு அதைப் பார்த்தான். வெட்கத்தில் தலை குனிந்தபடி வெளியே வந்தான்.

"ஓம் ஐயா. நான்தான் அராவினனான்."

கதிர்காமநாதன் ஆங்கிலத்தில் எழுதியதை ஒரு சொல்லும் மறைக்காமல் தமிழில் வாசித்துக் காட்டினார். 'எஞ்சின் சக்கரத்தை நானே என் கையால் அராவிப் பாரம் குறைத்தேன்.' அவ்வளவுதான். யாக்கோப்பு இடது கைப் பெருவிரலில் மை தொட்டு அழுத்தினான்.

திரேசம்மாவுக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. அக்கா பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டிருந்த பாரைக் கருவாட்டைப் பனையோலையில் சுற்றி, வேண்டாம் வேண்டாம் என்றவரின் கையில் திணித்தாள். கார் வளைவில் மறையும்வரை படலையில் நின்று கும்பிட்டாள்.

காரை ஓட்டிய ஐயாத்துரை கொம்பனிக்குப் புதிது. வாசலில் நின்று எல்லாம் கேட்டவனுக்கும் மனம் குளிர்ந்திருந்தது.

"பெரிய புண்ணியம் ஐயா. அந்த மனிசனை எப்ப பட்டறைக்குக் கூப்பிடுவியள்?"

"பட்டறையோ? நான் கொம்பனியின்ர நட்டஈட்டு வழக்குகளைப் பாக்கிற அப்புக்காத்து, தம்பி." கதிர்காமநாதன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "வார்ப்பிலையே பிழையான சக்கரம், இதோடை ஏழு வெடிச்சிட்டுது, ஏழு பேரும் தாங்கள் அராவித்தான் வெடிச்சது எண்டு எழுதித் தந்திட்டினம்."