லென்ஸ் பார்த்த வண்டு

ஊறுகாய் பாட்டிலுக்கு யோகம் அடித்தது. கழுவித் துடைத்து, உள்ளே வள்ளிக்கிழங்கு இலையைப் போட்டு, ஓர் ஆமை வண்டை விட்டிருந்தார்கள். வண்டு தங்கமாய் மினுமினுத்தது.

அது என்ன ரகம் என்று பார்க்க, கிட்டத்தில் வைத்துப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் வந்தது. தங்க வண்டு என்றால்தான் வளர்ப்பார்களாம். இல்லாவிட்டால் பாட்டிலுக்கு மறுபடி ஊறுகாய்தான். லென்ஸ் வந்த வேகத்தில் பாட்டிலுக்குள் புகுந்து வண்டின் முதுகோடு ஒட்டி நின்றது. வண்டு வெலவெலத்துச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

“தங்கமாவது ஒண்ணாவது! இது வெறும் சிவப்பு” என்றது லென்ஸ்.

“நீ மேலே வந்து விழுந்ததுல பயந்துடுச்சு. கொஞ்சம் தள்ளி நில்லேன், தங்கமாயிடும்” என்று பாட்டில் கெஞ்சியது.

லென்ஸ் தள்ளி நின்றது. வண்டு மெல்ல மெல்லப் பழையபடி தங்கமானது.

“பார்த்தியா?” என்றது பாட்டில்.

“இங்கேருந்து எனக்கு ஒண்ணுமே தெரியலையே” என்றது லென்ஸ். “கிட்ட நின்னு பார்த்தவன் நான். சிவப்புதான்.”